மஞ்சனாறு ஓடுகிற வரைக்கும்

மூக்காண்டி செத்துப்போன சேதி மூக்காண்டிக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. அப்போது அவர் புளியங்குடி ரோட்டில் இருக்கிற தன் மோட்டார் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிப்போன செம்புக்கம்பிக் காயிலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் பைக் நின்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தால் கடையநல்லூர் கபீர். எட்டாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர், பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு படியேறியவர், மூக்காண்டியைப் பார்த்ததும் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ்! வே மூக்காண்டி, நீரு இங்கனயா இருக்கீரு?"

"வேற எங்கன இருக்கணும்?"

கபீர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். "உமக்குத் துட்டி கேக்கத்தான்வே வந்தேன்" என்றார்.

செத்த வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வதற்குத்தான் எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்று பேர். அதைச் செத்தவனிடமே வந்து சொன்ன ஆள் கபீராகத்தான் இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துல உம்ம வீட்டம்மாவை எங்க வீட்டுக்காரி பாத்திருக்கா. பட்டுச்சேலை கட்டியிருக்கு, தலையில ஒத்தைப் பூ இல்ல. பூக்கடை வச்சிருக்க பொம்பள தலையில பூ இல்லன்னா என்னவே அர்த்தம்?"

"பொட்டு இருந்துச்சுல்ல?"

"இந்தக் காலத்துல பொட்டு எல்லாரும்தான் வைக்காங்க. நான் நம்ம ஸ்கூல் குரூப்புல போட்டுட்டேன்."

மூக்காண்டி கையைத் துடைத்துவிட்டு செல்போனை எடுத்தார். வாட்ஸப்பில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள். அதில் ஒருவர், சைக்கிள் பம்புக்காக ஒன்பதாம் வகுப்பில் மூக்காண்டியின் மண்டையை உடைத்தவர், 'யாரையும் கடிந்து பேசாத மாமனிதர்' என்று எழுதியிருந்தார். மூக்காண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'நான் நலமாக இருக்கிறேன்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். உடனே ஒரு பதில் வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்.'

இத்தனைக்கும் காரணம் ஒரு ஆறு. ஆறு என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான்.

சங்கரன்கோவில் ஊருக்குள் ஓடுகிற மஞ்சனாற்றுக்கு மஞ்சனாறு என்று பேர் வைத்தவன் இப்போது வந்து பார்த்தால் நாண்டுகொண்டு சாவான். கறுப்பாக, கொழகொழவென்று, மேலே நுரையும் தெர்மாகோலும் மிதக்க, போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நகரும். ஆற்றங்கரைத் தெருவில் பெண் எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போன கதை நாலைந்து உண்டு. கவுன்சிலர் தேர்தலில் அந்தத் தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஆற்றைச் சுத்தம் பண்ணுவேன் என்றுதான் சொன்னார்கள். அதுவரைக்கும் ஒருத்தர் செருப்புப் போடமாட்டேன் என்றார். ராஜதுரை தாடி எடுக்கமாட்டேன் என்றார். அவருக்குத் தாடி ஏற்கெனவே அழகாகத்தான் இருந்தது.

மூக்காண்டியின் மனைவி தங்கத்தாய் சுயேச்சை. தேரடியில் பூக்கடை. தெருமுனையில் நின்று மைக்கில் பேசும்போது, "நீ என்னத்தை விடப்போற?" என்று ராஜதுரையின் ஆள் ஒருவன் கூட்டத்திலிருந்து கேட்டுவிட்டான். தங்கத்தாய்க்குக் கோபம் வந்தால் வாய்க்கும் யோசனைக்கும் சம்பந்தம் இருக்காது. "மஞ்சனாறு சுத்தமா ஓடுத வரைக்கும் என் தலையில பூ வைக்க மாட்டேன்!" என்று கொண்டையில் இருந்த மல்லிகையைப் பிய்த்துத் தரையில் போட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள்.

அன்று வீட்டில் மூக்காண்டி சோறு சாப்பிடவில்லை.

"ஏட்டி, பூ எம் விசயம்ட்டி. நான் போற அன்னைக்கு எடுக்க வேண்டியதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆத்துல கொண்டுபோய்க் கட்டிவிட்டுட்டியே."

"பின்ன என்னத்தைச் சொல்லச் சொல்லுதிய? செருப்பை விட்டா நம்ம ஊரு வெயில்ல கால் பொத்துப்போவும். தாடி எனக்குக் கிடையாது. எங்கிட்ட விடுததுக்கு இருந்தது பூதான்."

மூக்காண்டி பாயை விரித்துப் படுத்தார். முப்பது வருடமாக அவளிடம் வாதாடி அவர் ஜெயித்ததும் இல்லை. ஆனால் மனசு ஆறவில்லை. நாள் முழுக்க மல்லியும் பிச்சியும் கட்டி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பூவாசம் அடிக்கிற விரலோடும் மொட்டைக் கொண்டையோடும் அவள் வீட்டுக்கு வரும்போது அவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் இன்னும் மோசம். அவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற அவரை, "அண்ணாச்சி, நீங்க இவங்களுக்கு அண்ணனா?" என்று கேட்பார்கள்.

ஆகவே ஊரில் எவரையும்விட மஞ்சனாறு சுத்தமாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மூக்காண்டிதான். இது பொதுநலமா என்று கேட்டால், இல்லை.

ஜெயித்த கையோடு தங்கத்தாய் ஒரு துப்புரவு முகாம் நடத்தினாள். நூற்றைம்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு பனியன், டீ, வடை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பிளக்ஸ், அந்தப் பக்கம் ஒரு பிளக்ஸ். பதினொரு மணிக்குள் ஒரு டிராக்டர் குப்பையை அள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு டீக்கப்பும் வடை கட்டின பேப்பரும் தொப்பியும் ஆற்றில் மிதந்தன. சாயங்காலக் காற்றில் ஒரு பிளக்ஸும் விழுந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்த தங்கத்தாயின் முகம் பத்து நாள் சாக்கடைக்கு மேலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அவள் பிளக்ஸ் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

"அக்கா, அள்ளி முடியாது. எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்" என்றார் சாம்சன். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். இளவயசு. நாசரேத்துப் பக்கத்து ஆள். கோபமே வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆற்றின் பிறப்பிடம் பார்க்கக் கிளம்பினார்கள். சாம்சன் பைக்கில் முன்னால் போக, மூக்காண்டியின் எக்ஸெல் வண்டியில் தங்கத்தாய் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டத்தைத் தாண்டி, பாறை இடுக்கிலிருந்து மஞ்சனாறு விழுந்துகொண்டிருந்தது. பளிங்கு மாதிரி தண்ணீர். தங்கத்தாய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். முகத்தில் தெளித்துக்கொண்டாள். "இதுதானா நம்ம ஆறு! இதுதானா!" என்று ஐந்து தடவை சொல்லியிருப்பாள். மூக்காண்டிக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தத் தண்ணீர் மட்டும் ஊருக்கு வந்துவிட்டால் அன்றைக்கே ஒரு முழம் பூ.

தண்ணீரோடு சேர்ந்து இறங்கி வந்தார்கள். முதல் குளத்தில் பாதி நின்றுவிட்டது. இரண்டாவது குளத்தில் மீதி நின்றது. மூன்றாவது குளத்துக்கு ஈரம் மட்டும் வந்தது. அதற்குக் கீழே ஆறு என்று பேர் போட்ட ஒரு மணல் ரோடு. ஆடு மேய்ந்தது. நாலு பேர் கிரிக்கெட் விளையாடினார்கள். ஐப்பசியில் பெருமழை பெய்து மூன்று குளமும் நிறைந்தால்தான் இங்கே தண்ணீரைப் பார்க்கலாம் என்று ஆடு மேய்த்தவர் சொன்னார். அப்படியே மணலில் வந்து ஊரின் மேற்குப் பாலத்துக்கு அடியில் நுழைந்தால், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரில் இரண்டடி அகலத்தில் ஒரு குழாய். அன்றைக்கு முகூர்த்தம். சாம்பாரும் கைகழுவின தண்ணீரும் ரசமுமாக மஞ்சனாறு குபுகுபுவென்று அங்கே பிறந்துகொண்டிருந்தது.

"மலையில பொறந்தது மலையிலயே தங்கிட்டுதுக்கா. ஊருக்குள்ள ஓடுதது நம்ம ஆறு. நாமளே பெத்தது" என்றார் சாம்சன்.

தங்கத்தாய் அன்றைக்கே மண்டபத்துக்காரரிடம் போனாள். பிறகு லாட்ஜ், பிறகு பிரியாணிக்கடைகள், பிறகு வீடு வீடாக. ஆற்றுக்குள் நீட்டியிருந்த ஒவ்வொரு குழாய் வாசலிலும் போய் நின்றாள். யாராவது, "அடுத்த வீட்டுக்காரன் அடைச்சா நானும் அடைக்கேன்" என்றால், அடுத்த வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்து எதிரே நிறுத்தினாள். மூக்காண்டி கூடவே போய் அவள் பேசாத நேரத்தில் கும்பிட்டார். இரண்டு வருடம் பிடித்தது. எல்லாக் கழிவும் குழாய் வழியே ஊருக்கு வெளியே புதிதாக வெட்டின சுத்திகரிப்புக் குட்டைக்குப் போனது. சித்திரை முதல் வாரத்தில் கடைசியாக அந்த மண்டபத்துக் குழாயையும் சாம்சன் சிமெண்ட் வைத்துப் பூசினார். கபீர் துட்டி கேட்டு வந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு.

ஒரு வாரத்தில் ஆறு வற்றியது. கறுப்புச் சேற்றை வழித்து எடுத்தார்கள். அடியில் மணல்! வெள்ளை மணல்! அப்படி ஒன்று கீழே இருப்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கே தெரியாது. நாற்றம் போனது, கொசு குறைந்தது, சாயங்காலம் ஆனால் ஜனங்கள் குடும்பத்தோடு ஆற்றுக்குள் பாய் விரித்து உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். தின்றுவிட்டுப் பேப்பரை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் கரையில் தங்கத்தாய் நின்றாள். வைகாசி முதல் ஞாயிறு காலை ஆற்றுக்குள்ளேயே விழா என்று முடிவானது. ஊர் முன்னால் தங்கத்தாய் தலையில் பூ வைப்பது என்று ஏற்பாடு. ஏற்பாட்டுக்கு முன்னால் நின்றவர் ராஜதுரை. தாடியை எடுக்க அவருக்கும் அவசரம்.

இதற்கிடையே மூக்காண்டியின் கடையில் வேலை குவிந்தது. ஒரே வாரத்தில் ஏழு மோட்டார். எல்லாம் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற கீழமஞ்சனூரிலிருந்து. தங்கத்தாயின் கடைக்கு மல்லியும் பிச்சியும் அங்கிருந்துதான் வரும். ஆற்றுக்குள் குழி தோண்டி மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிற பூந்தோட்டக்காரர்கள். மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஏழிலும் காயில் கருகியிருந்தது. கரண்ட் கூடக்குறைய வந்திருக்கும் என்று நினைத்து மூக்காண்டி சந்தோஷமாக வரிசையில் வைத்தார். நல்ல காலம் வந்தால் எல்லாப் பக்கமும் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

தேரடியில் தங்கத்தாய் வேறு மாதிரி நினைத்தாள். பத்து நாளாக மல்லி வரத்து குறைந்துகொண்டே வந்தது. கீழமஞ்சனூர் மூட்டை பையாகி, பை பொட்டலமானது. வைகாசி முகூர்த்தம், பூவை வழியிலேயே கல்யாணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அவள் சொன்னாள். அவரவர் தொழில் அவரவர் கண்ணைக் கட்டிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் மூக்காண்டி முதல் மோட்டாரைப் பிரித்தார். அது தங்கத்தாய்க்கு மல்லி கொடுக்கிற சங்கரேஸ்வரியின் மோட்டார். அந்த ஊர் மோட்டாரை அவர் இருபது வருடமாகப் பார்க்கிறவர். திறந்தாலே நாறும். விசிறியில் ஷாம்பு பாக்கெட்டும் தலைமுடியும் சுற்றியிருக்கும். பிய்த்து எடுப்பதற்குள் குடலைப் பிடுங்கும். இன்றைக்கு நாற்றமே இல்லை. விசிறி சுத்தமாக இருந்தது. கவிழ்த்ததும் ஒரு கைப்பிடி மணல் உதிர்ந்தது, காய்ந்த மணல். மீதியில் மூன்றைத் திறந்தார். மூன்றிலும் மணல்.

தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகும். இது கடை திறந்த முதல் நாளே தெரிந்த சங்கதி. ஊர்ச் சாக்கடையைக் குடித்துத்தான் கீழமஞ்சனூர் பூத்திருக்கிறது. அந்தப் பூவைத்தான் தங்கத்தாய் கட்டி விற்றிருக்கிறாள். ஆற்றைத் துடைத்து எடுத்துவிட்டோம், கூடவே பூவையும்.

இதைச் சொன்னால் தங்கத்தாய் நாளைக்குப் பூ வைக்கமாட்டாள். அது நிச்சயம். மூக்காண்டி செல்போனை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார். ஒரே ஒரு நாள்தானே, அவள் தலையில் பூவைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் பண்ணிக்கொண்டு கடையைச் சீக்கிரமே பூட்டினார். வீட்டில் அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, நாளைக்குக் கட்டுகிற சேலையை எடுத்து வைத்திருந்தாள். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "வெயிலு" என்றார்.

மறுநாள் ஆற்று மணலில் ஊரே கூடியது. பந்தல், நாற்காலி, மைக். ஒரே குறை பூ. தேரடி முழுக்க அலைந்தும் மல்லி கிடைக்கவில்லை. ராஜதுரை மட்டும் கலங்கவில்லை. பேன்ஸி ஸ்டோரிலிருந்து ஒரு முழம் பிளாஸ்டிக் மல்லி வாங்கி வந்திருந்தார். "அசல் மாதிரியே இருக்கும் பாருங்க. வாடாது" என்றார்.

"பிளாஸ்டிக்கை ஆத்துல போடாதீங்கன்னு ரெண்டு வருசமாக் கத்துதேன். அதை எந்தலையில வைக்கச் சொல்லுதிய?" என்றாள் தங்கத்தாய்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழமஞ்சனூர் சங்கரேஸ்வரி வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. கையில் வாழை இலைப் பொட்டலம். பிரித்தாள். ஒரு சாண் மல்லி.

"முத நாளு பூ எந்தோட்டத்துப் பூவாத்தான் இருக்கணும்னு சொல்லியிருந்தேம்லாக்கா. குடிக்க வச்ச தண்ணியை நாலு செடிக்கு ஊத்தி இதை எடுத்தேன். மத்ததெல்லாம் காஞ்சிட்டு."

"ஏன் காஞ்சுது?"

"ஆத்துல தண்ணி வந்து ஒரு மாசம் ஆவுதே."

தங்கத்தாய் சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?"

"எங்க ஊரு மோட்டார் ஏழும் அண்ணாச்சி கடையில கருகிக் கிடக்கு. அண்ணாச்சி சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன்."

ஊர் மொத்தமும் திரும்பி மூக்காண்டியைப் பார்த்தது. அவர் மணலைப் பார்த்தார். நேற்று வெயில் என்று சொன்ன முகம் தங்கத்தாய்க்கு இப்போது விளங்கிவிட்டது.

"நல்ல நேரம் போகுது. ஒரு சாண் போதும், வைங்கக்கா. ஆறு சுத்தமாத்தான இருக்கு" என்று ராஜதுரை அவசரப்படுத்தினார்.

தங்கத்தாய் அந்த ஒரு சாண் பூவை எடுத்தாள். மோந்து பார்த்தாள். எவ்வளவு ஆசை அந்த முகத்தில் என்று மூக்காண்டிக்குத்தான் தெரியும். பிறகு சங்கரேஸ்வரியைத் திருப்பி நிறுத்தி அவள் கொண்டையில் பூவைச் செருகிவிட்டு மைக்குக்குப் போனாள்.

"நான் சொன்னது சுத்தமா ஓடுத ஆறு. இங்கன ஆறு எங்க ஓடுது? சுத்தமா மணலு கிடக்கு. சாம்சன் தம்பி, அந்தக் குட்டைக்குப் போற தண்ணியைத் தெளிய வச்சு மறுபடி ஆத்துல விட முடியுமா?"

"முடியும்க்கா. ஜல்லி பரப்பி, கல்வாழை நட்டு, அதுக்குள்ள வடிய விடணும். செடிக்குப் பாயுத அளவுக்குத் தெளிஞ்சிரும். ஆனா ஆறு மாசம் ஆவும்."

"ஆறு மாசமா!" என்று ஒரு குரல் வந்தது. அது மூக்காண்டியின் குரல். அவரை அறியாமல் வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது.

மூக்காண்டிக்கு ரோஷம் வந்தது. விறுவிறுவென்று போய் மனைவி கையிலிருந்து மைக்கை வாங்கினார். பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மூக்காண்டி. தங்கத்தாய் வீட்டுக்காரன். உசுரோடதான் இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டார் ஏன் கருகுச்சுன்னு எனக்கு நேத்தே தெரியும். சொல்லல. ரெண்டு வருசமா இவ தலையில பூவைப் பாக்கல, ஒரு தடவை பாத்துறணும்னு ஆசை. தப்புதான். இன்னும் ஆறு மாசத்துக்கு இவ பூ வைக்க மாட்டா. எனக்குச் சம்மதம். முதல்ல எங்கிட்ட யாரும் கேக்கல, இப்போ நானாச் சொல்லுதேன். எந்தக் கல்யாணத்துல இவளைப் பூவில்லாமப் பாத்தாலும் யாரும் எனக்குத் துட்டி கேட்டு வராதீங்க. இவ ஆத்துக்காக இப்பிடி இருக்கா. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மூக்காண்டி மைக்கை நீட்டியபடி மனைவியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நின்றார்.

தங்கத்தாய் மைக்கை வாங்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. கோபத்தில் மட்டுமல்ல, பாசத்திலும் அவள் வாய்க்கும் யோசனைக்கும் சம்பந்தம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"இந்த ஆறு ஓடுத வரைக்கும்," என்று அவள் ஒலிபெருக்கி அதிரச் சொன்னாள், "இந்த மனுசனை நான் சாக விடமாட்டேன்!"

பெண்கள் குலவை போட்டார்கள். இந்தச் சபதமும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் எடுக்கப்பட்டது என்பதை மூக்காண்டி கவனித்தார். இந்தத் தடவை அவருக்கு வருத்தம் இல்லை.